மாற்றாத பேட்டரிக்கு எழுதிய தேதி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வணக்கம். உங்கள் பயிற்சிக் கோப்பில் சேர்ப்பதற்காக, ஓய்வு பெற்றவர்கள் தத்தம் அனுபவங்களை எழுதி அனுப்ப வேண்டும் என்று நிறுவனத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பெருமைக்குரிய நிகழ்ச்சிகளாக இருந்தால் நல்லது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அப்படியும் சில என்னிடம் உண்டு. முழங்கால் அளவு மழைநீர் புகுந்த அறையில் நின்று ஓர் இயந்திரத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். அவற்றை வேறு யாரேனும் சொல்லட்டும். நான் எழுதப்போவது ஒரு தேதியைப் பற்றி. அந்தத் தேதியைப் பதிந்தவன் நான். அது பொய்யான தேதி.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். தந்தையார் புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். ஆலை மூடப்பட்டபோது, லாரி பேட்டரிகளுக்கு மின்னேற்றம் செய்யும் கடையொன்றில் சேர்ந்தேன். அமிலம் தெறித்து ஓட்டை விழாத சட்டை அந்நாளில் என்னிடம் இருந்ததில்லை. அங்கிருந்து இன்வெர்ட்டர், பின்பு யு.பி.எஸ்., கடைசியில் பெரிய நிறுவனங்களின் தரவுச் சேமிப்பு இயந்திரங்களுக்குத் துணை நிற்கும் பேட்டரிப் பெட்டிகள் என்று தொழில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆங்கிலத்தை இயந்திரக் கையேடுகளிலிருந்தும் தமிழை நூலகத்திலிருந்தும் கற்றுக்கொண்டேன். ஆகவே நடையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டும். பொருளில் இருக்கும் குறையைப் பொறுக்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றை ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சேமிப்பு ரேக், தனக்கு வந்து சேரும் தரவையெல்லாம் உடனே வட்டில் எழுதிவிடுவதில்லை. சிறிது நேரம் தன் நினைவகத்தில் வைத்திருந்து, பிறகே எழுதுகிறது. மின்சாரம் திடீரென்று நின்றால், கையில் உள்ளதை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டு மூடிக்கொள்வதற்கு அதற்கு நான்கு நிமிட அவகாசம் வேண்டும். அந்த நான்கு நிமிடத்தைக் கொடுப்பதற்காகத்தான் ரேக்கின் அடித்தட்டில் ஸ்டாண்ட்பை என்று நாம் சொல்லும் பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு பேட்டரிகள். ஆண்டுக்கணக்கில் அவற்றுக்கு வேலையே இல்லை. வேலை வரும் அன்று, அவை உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இத்தொழிலில் எனக்கு முதல் மேலாளராக இருந்தவர் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தார். புதிய பேட்டரியைப் பெட்டிக்குள் தள்ளுவதற்கு முன், அதன் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் தேதியையும் தம் கையெழுத்தையும் இடுவார். மூடி போட்ட பிறகு அதை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. திரையில்தான் தேதி இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன்.

"திரையில இருக்கிறது நாம சொல்லிக் குடுத்த தேதிப்பா. பேட்டரி மேல இருக்கிறதுதான் பேட்டரியோட தேதி. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்" என்றார்.

அன்று முதல் நானும் அப்படியே எழுதினேன். அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இந்தக் கதையோடு சேர்ந்து தம் பெயர் வருவதை அவர் விரும்பமாட்டார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் கணினி அறை என் பொறுப்பில் இருந்தது. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் அனைத்தும் அங்கிருந்த சேமிப்பு ரேக்கில் இருந்தன. அறையின் பொறுப்பாளர் ஜோசபின் என்ற அம்மையார். தட்டச்சு எழுத்தராகச் சேர்ந்து, கல்லூரிப் பட்டம் இன்றி, தம் உழைப்பால் அந்த நாற்காலிக்கு வந்தவர். அவருடைய தாயார், பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய ஒரு சொல்தா வீட்டில் சமையல் செய்தவர். அந்த வீட்டிலிருந்து தமக்குக் கிடைத்த சீதனம் என்று சொல்லி, நான் உள்ளே நுழையும்போதெல்லாம் "போன்ழூர் அண்ணே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். மற்றவர்கள் முன்னிலையில் நான் அவரை மேடம் என்பேன். யாரும் இல்லாதபோது அம்மா என்பேன்.

ஸ்டாண்ட்பை பெட்டி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நண்பகலில் தன்னைத்தானே சில விநாடி சோதித்துக்கொள்ளும். அப்போது 'டக்' என்று ஓர் ஓசை எழும். "அண்ணனோட பிள்ள வெள்ளிக்கிழமை விரதம் முடிச்சிட்டான், சாப்பிடப் போகலாம்" என்று ஜோசபின் தம் உதவியாளர்களிடம் சொல்வார். நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றும் வைத்திருந்தார். அறைக்குள் யார் வந்தாலும், எதைத் தொட்டாலும், அதில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். எங்களில் சிலர் அதைக் கேலி செய்ததுண்டு. நானும் செய்திருக்கிறேன்.

ஒருநாள் அந்தப் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. பேட்டரிகளின் ஆயுட்காலம் முடிந்தது, மாற்ற வேண்டும் என்பது அதன் பொருள். நம் நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கு எழுதிப் புதிய பேட்டரிகள் கேட்டேன். ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். இதற்கிடையில், மருத்துவமனையின் தரத்தைப் பரிசோதிக்கும் குழு மறுநாள் வருவதாக இருந்தது. காலை பதினொரு மணி அளவில் நிர்வாக அதிகாரி என்னைக் கணினி அறைக்கு வரவழைத்தார். ஜோசபின் வேறொரு மாடியில் குழுவுக்கான கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது, மஞ்சக்காமாலை வந்த கண்ணு மாதிரி எரிஞ்சிக்கிட்டே இருக்கு?" என்றார் அதிகாரி.

"பேட்டரி வரணும் சார். அடுத்த வாரம் மாத்திடுவோம்."

"அடுத்த வாரம் டீம் வராது. நாளைக்கு வருது. உள்ள வந்ததும் மொதல்ல இதத்தான் பாப்பாங்க. இது எரிஞ்சா எங்களுக்கு ஒரு குறை எழுதுவாங்க. உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, சென்னையில பேசிக்கிறேன்."

கடைசி வாக்கியம் என்னைத் தைத்தது. இவனால் முடியாது என்று என்னைப் பற்றி அந்த ஊரில் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைச் சோதனையில் பேட்டரிகள் தேறிக்கொண்டுதான் இருக்கின்றன, ஒரு வாரத்தில் என்ன நேர்ந்துவிடும் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். சில விநாடிச் சோதனையில் தேறும் பேட்டரி, நான்கு நிமிடப் பளுவைத் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும் மடிக்கணினியை இணைத்து, 'பேட்டரி மாற்றப்பட்ட நாள்' என்ற கட்டத்தில் அன்றைய தேதியைப் பதிந்தேன். விளக்கு பச்சையானது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதிகாரி என் தோளில் தட்டிவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் ஜோசபின் வந்தார்.

"அட, பச்சையாயிடுச்சே! மாத்திட்டீங்களாண்ணே?"

"மாத்தியாச்சும்மா."

"பழசு எங்க?"

"வண்டில ஏத்தியாச்சு."

முதல் பொய்க்குச் சற்றுத் தயங்கினேன். இரண்டாவதற்குத் தயங்கவில்லை. அவர் நோட்டை விரித்து, பேட்டரிகள் மாற்றப்பட்டன என்று அழகான கையெழுத்தில் எழுதி, என் பக்கம் திருப்பினார். கையெழுத்திட்டேன். "உங்க பிள்ளைக்குப் புது வயிறு, இனிமே விரதம் தாங்குவான்" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் பேட்டரிகள் வரவில்லை. சென்னைக் கிடங்குக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"உங்க சைட்டுல டேட் புதுசா இருக்கே சார். சிஸ்டம் ஆர்டரத் தானாவே எடுத்துடுச்சு. அந்தப் பேட்டரி வேற எடத்துக்குப் போயிடுச்சு. மறுபடி வேணும்னா காரணம் எழுதி அனுப்புங்க" என்றார் கிடங்குக்காரர்.

நான் பதிந்த தேதி, நான் கேட்ட பொருளையே ரத்து செய்துவிட்டது. காரணம் எழுத வேண்டும் என்றால் உண்மையை எழுத வேண்டும். பார்க்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். வேறு ஏதாவது தளத்திலிருந்து உபரியாகக் கிடைத்தால் ஓசையின்றி மாற்றிவிடலாம் என்று திட்டமிட்டேன். கிடைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போய் மறு வெள்ளிக்கிழமை வந்தது. 'டக்' என்ற ஓசையும் வந்துகொண்டே இருந்தது. ஏழு மாதங்கள் கடந்தன. பச்சை விளக்கைப் பார்த்துப் பார்த்து, அதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் ஏமாற்றுவதற்காகச் செய்த ஒன்று, சில மாதங்களில் நம்மையும் ஏமாற்றும்.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல் நகரத்தில் மின்சாரம் நின்றது. மருத்துவமனை ஜெனரேட்டருக்குள் நீர் இறங்கியிருந்தபடியால் அது எழவில்லை. கணினி அறையில் அப்போது ஜோசபின் மட்டும் இருந்தார். அவர் பதறவில்லை. நான்கு நிமிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பேட்டரிகள் புதியவை என்பதும் அவருக்குத் தெரியும், நான் சொல்லியிருந்தேன். விதிப்படி ஸ்கேன் கூடத்துக்குத் தொலைபேசியில் பேசி, படம் அனுப்புவதை நிறுத்தச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே, அவருக்குப் பின்னால் ரேக்கின் விசிறிகள் ஓய்ந்தன. பன்னிரண்டு விநாடிகூட இராது என்று பிற்பாடு சொன்னார்.

மின்சாரம் திரும்பிய பின் ரேக் எழுந்தது, ஆனால் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை சிதைந்துவிட்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்த கையை வெட்டியது போன்ற நிலை. நான் சென்று சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. மூன்று நாள் போராடி, பல படங்களை மீட்டோம். மீட்க முடியாதவையும் பல.

அந்த மூன்று நாட்களில் ஒருநாள், தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மாள் ஒருவர் கணினி அறை வாசலுக்கே வந்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் பையில் சுருட்டிய சீட்டுகள்.

"படம் காணாப் போச்சாமே? இன்னாம்மா இது, வலையில வுட்ட மாதிரி? உடம்பு இங்கதான இருக்கு, இன்னொரு வாட்டி எடுத்துக்க" என்றார்.

ஜோசபின் அவரை உட்கார வைத்தார். "எடுப்பாங்க ஆயா. ஆனா ஆறு மாசத்துக்கு முன்னாடி எடுத்தாங்களே, அதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் கட்டி வளந்திருக்கா, அப்படியே இருக்கான்னு டாக்டருக்குத் தெரியும்."

"அப்ப இப்ப எப்படிச் சொல்லுவாரு?"

"இன்னும் கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாத்துச் சொல்லுவாரு."

அந்த அம்மாள் சீட்டுகளைப் பைக்குள் சுருட்டி வைத்தார். "அதுவும் அதுவரைக்கும் காத்துக்கினு இருக்குமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். பிறகு அவருக்கு என்ன ஆனது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

இப்போது இக்குறிப்பில் எழுதுவதற்கு எனக்கு மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். முதல் நாள் மாலையே, ஜோசபின் வெளியறையில் தொலைபேசியில் இருந்தபோது, ஸ்டாண்ட்பை பெட்டியின் மூடியைக் கழற்றினேன். இரண்டு பேட்டரிகளும் பக்கவாட்டில் உப்பியிருந்தன. இரண்டின் மீதும் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியும், அதன் கீழ் என் கையெழுத்தும் இருந்தன. என் மேலாளர் பழக்கிவிட்ட எழுத்து. திரை ஒன்று சொன்னது, பேட்டரி வேறொன்று சொன்னது.

பையில் மை கரைக்கும் தின்னரும் துணியும் இருந்தன. துடைத்தேன். மார்க்கர் மை எளிதில் போகாது. அழுத்தித் துடைத்தேன். பிறகு ஜோசபின் உள்ளே வந்தார்.

"நானும் பாக்கட்டுமாண்ணே, உள்ள எப்படி இருக்குன்னு?"

"வேணாம்மா, ஷாக் அடிக்கும். தள்ளி நில்லுங்க."

வாடிக்கையாளரை மூடிக்குள் பார்க்கவிடாமல் இருப்பது நம் தொழிலில் வெகுநாள் வழக்கம். பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், மின்னிணைப்பைத் துண்டித்த பிறகு மூடியைத் திறந்து அவர்களுக்குக் காட்டுங்கள். பேட்டரியின் மேல் இருக்கும் தேதியை அவர்கள் வாயால் படிக்கச் சொல்லுங்கள். ஏழு மாதங்களுக்கு முன் அவர் ஒருமுறை உள்ளே பார்த்திருந்தால், இந்தக் குறிப்பை எழுத வேண்டிய தேவை எனக்கு வந்திராது.

வாரக் கடைசியில் விசாரணை நடந்தது. நிர்வாக அதிகாரி, மூத்த மருத்துவர் ஒருவர், நான், ஜோசபின். நால்வரே. ஜோசபின் தம் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்திருந்தார். பராமரிப்பில் தம் தரப்பில் குறைவில்லை என்று காட்டுவதற்காக, அந்தப் பக்கத்தைத் தாமே விரித்து மேசைமேல் வைத்தார். பேட்டரிகள் மாற்றப்பட்ட தேதி, கீழே என் கையெழுத்து.

நிர்வாக அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கை அணைக்கச் சொன்னது அவருக்கு நினைவில் இருந்ததா என்பதை அவர் முகத்திலிருந்து அறிய முடியவில்லை. நான் எப்படி அணைத்தேன் என்று அவர் அன்று கேட்டதில்லை.

"ஏழு மாசப் பேட்டரி பன்னெண்டு செகண்டுல செத்துடுமா சார்?"

"புது பேட்டரி அப்படிச் சாகாது சார்" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மையானது. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யும் அதுவே.

மருத்துவர் நல்லவர். ஒரு வழி திறந்து பார்த்தார். "புதுசுலயே ஃபால்ட் இருந்திருக்கலாம் இல்லையா?"

அந்த வழியில் நான் போயிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் பேட்டரிகளைச் சோதனைக்கு அனுப்பச் சொல்வார்கள். அவற்றின் மேல் அச்சிட்ட வரிசை எண்ணைத் துடைக்கத் தின்னரால் ஆகாது. "ரெண்டும் ஒரே நேரத்துல ஃபால்ட் ஆகுறது வழக்கமில்ல சார்" என்றேன்.

"அப்ப யாரோ ரேக்கோட மெயின் சுவிட்ச அணைச்சிருக்கணும்" என்றார் நிர்வாக அதிகாரி. அறையில் அப்போது ஒரே ஒருவர்தான் இருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஜோசபின் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நான் சுவிட்சாண்ட போகவே இல்ல. கையில போன் இருந்துச்சு. நீங்களாவது சொல்லுங்கண்ணே."

இயந்திரப் பதிவைப் பார்த்தபடி, அவர் முகத்தைப் பாராமல் சொன்னேன்: "ரெக்கார்டு திடீர்னு நின்னிருக்கும்மா. கையால அணைச்சா எப்படி நிக்குமோ அப்படித்தான் நின்னிருக்கு."

அதுவும் உண்மைதான். பேட்டரி செத்தாலும் அப்படித்தான் நிற்கும் என்ற பாதியை நான் சொல்லவில்லை. அதே வாக்கியத்தை எழுத்திலும் கொடுத்தேன். நிறுவனக் கோப்பில் இன்றும் என் அறிக்கை இருக்கிறது.

அவரை ஒருவரும் திட்டவில்லை. தாமாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தை மருத்துவமனைக்குச் சொந்தமானது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரேக் நின்றதைக் காரணம் காட்டி நான் கேட்டிருந்த புதிய பேட்டரிகள், அவர் போன மறுநாள் வந்தன. அவற்றின் மேல் தேதி எழுத மார்க்கரைத் திறந்தேன். கை எழுதவில்லை. எழுதாமலே மூடினேன். ஓய்வு பெறும்வரை அதற்குப் பிறகு எந்தப் பேட்டரியிலும் நான் எழுதவில்லை.

ஓய்வு பெற்று ஓராண்டு சென்றபின், குருத்து ஞாயிறன்று காலை, உழவர்கரைப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தத்தில் அவரைக் கண்டேன். மாதா கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் குருத்தோலை. நான் ஒதுங்கிப் போயிருப்பேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"போன்ழூர் அண்ணே. ரிடையர் ஆயிட்டீங்களாமே?"

"ஆயிட்டேன்மா. நீங்க எங்க இருக்கீங்க?"

"சேதராப்பட்டுல ஒரு கம்பெனி கேட்டுல. உள்ள வர்றவங்களுக்குப் பாஸ் போட்டுக் குடுக்கணும். அதுவும் கம்ப்யூட்டர்தான். சுவிட்ச் போர்டு மட்டும் எட்டாத தூரத்துல இருக்கு, அதனால பயமில்ல" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் ஓலையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, உங்களத்தான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பதட்டத்துல மனுஷனுக்குத் தெரியாமலே கை போயிடுமா?"

"எதுக்கும்மா கேக்குறீங்க?"

"அன்னிக்கு நான் தொடலன்னுதான் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனா மிஷினு கையால அணைச்ச மாதிரி சொல்லுது, என் நோட்டு பேட்டரி புதுசுங்குது, நீங்களும் அப்படியே சொல்றீங்க. மூணும் தப்பா இருக்குமா? யோசிச்சு யோசிச்சு, இப்பல்லாம் கண்ண மூடுனா என் கை சுவிட்சாண்ட போறது தெரியுது. போன வாரம் சாமியாராண்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன், என் கவனக்குறைவால நெறைய பேருக்குக் கெடுதல் ஆயிடுச்சுன்னு. மன்னிச்சிட்டாரு. ஆனா மனசு ஆறல."

ஐயா, அம்மையீர், அவருடைய வேலை போனதற்கு நான் காரணம் என்பதை அறிந்தே அந்த ஆண்டுகளைக் கழித்திருந்தேன். அதனுடன் வாழப் பழகியும் இருந்தேன். செய்யாத ஒன்றைச் செய்ததாக அவர் மண்டியிட்டுச் சொல்லியிருப்பார் என்று நான் எண்ணியதில்லை. அவர் நினைவிலேயே நான் பொய்த் தேதியைப் பதிந்திருந்தேன்.

அந்த நிறுத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, தேதி, கிடங்கு, தின்னர், துணி. எதையும் விடவில்லை. சேதராப்பட்டுப் பேருந்து ஒன்று வந்து, நின்று, போனது. அவர் அழவில்லை. என்னை ஏசவும் இல்லை.

"அப்ப நான் தொடல" என்றார்.

"தொடலம்மா. உங்க கை அங்க போகவே இல்ல."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்குறேன். யாராண்ட குடுக்கணும்?"

"எங்கெல்லாம் என் பேரு இருக்கோ அங்கெல்லாம். என் பேரப் போட்டே எழுதுங்க." அடுத்த பேருந்து வந்தது. படியில் ஏறிய பின் திரும்பி, "வரேன் சார்" என்றார். அத்தனை ஆண்டுகளில் அவர் என்னை அண்ணன் என்று அழைக்காமல் விட்டது அதுவே முதன்முறை.

மறுநாளே மருத்துவமனைக்குச் சென்றேன். பழைய நிர்வாக அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் மரியாதையாக உட்கார வைத்துக் கேட்டார். "அந்த மிஷினே இப்ப இல்லீங்க. நோட்டெல்லாம் பழைய பேப்பர்ல போயிருக்கும். அவங்க தானா எழுதிக் குடுத்துட்டுப் போனதாத்தான ஃபைல்ல இருக்கு? இதுல நான் என்னத்தத் திருத்துறது?" என்றார். என் கடிதத்தை வாங்கிக்கொண்டார், ஆனால் வாங்கியதற்கு முத்திரை வைத்துத் தரவில்லை. நம் நிறுவனத்துக்கும் எழுதினேன். அந்தத் தளத்தின் ஒப்பந்தம் முடிவடைந்துவிட்டது, கோப்பு மூடப்பட்டது என்று பதில் வந்தது. ஒரு பொய்யைப் பதிய எனக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. உண்மையைப் பதிய, ஊரெங்கும் ஒரு கட்டம்கூடக் கிடைக்கவில்லை.

அந்நிலையில்தான், அனுபவங்களை எழுதி அனுப்புமாறு நிறுவனத்தின் கடிதம் வந்தது.

நீங்களும் ஒருநாள் ஒரு மஞ்சள் விளக்கின் முன் நிற்பீர்கள். பக்கத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். அந்த நேரத்தில் 'என்னால் இன்று முடியாது' என்று சொல்லுங்கள். அவர் உங்களைப் பற்றி எங்கு வேண்டுமானாலும் புகார் செய்யட்டும். நான் அணைத்த விளக்கு அந்த அறையிலிருந்த ஒருவரை எச்சரிப்பதற்காக எரிந்தது. அவருக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றவன் நான்.

என் பழைய அறிக்கை உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அதில் என் கையெழுத்து இருக்கிறது, திருமதி ஜோசபின் அவர்களின் பெயரும் இருக்கிறது. அது பொய். அவர் சுவிட்சைத் தொடவில்லை. பேட்டரிகள் பழையவை. இக்குறிப்பின் ஒரு படியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

பெருமைக்குரியது அல்ல என்று இதை ஒதுக்கிவிடாமல், அந்த அறிக்கை இருக்கும் கோப்பைத் தேடி எடுத்து, அதன் மேல் இதை வைத்துத் தைத்து, பத்திரமாக வைத்திருக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.